கடைசி அத்தியாயத்து வெப் ஆப்: பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

புரோகிராமிங் அறிமுக நூல்களை எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

வேரியபிள் என்றால் என்ன, லூப் எப்படிச் சுற்றுகிறது, லிஸ்ட் எப்போது, டிக்‌ஷனரி எப்போது என்பதையெல்லாம் ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்காராமலே புரியவைப்பது லேசான வேலை அல்ல. உங்களில் பலர் அதை நன்றாகவே செய்கிறீர்கள். எனக்குள்ள வருத்தம் உங்கள் நூல்களின் கடைசிப் பகுதியைப் பற்றியது. "இனி ஒரு வெப் அப்ளிகேஷன் உருவாக்கிப் பார்ப்போம்" என்று ஆரம்பித்து, ஒரு ஃபிரேம்வொர்க்கை (வெப் ஆப்புக்கான ஆயத்த நிரல் தொகுப்பை) இன்ஸ்டால் செய்யச் சொல்லி, நாலைந்து கோப்புகளைத் தட்டச் சொல்லி, நீங்களும் வெப் டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று வாழ்த்தி முடிந்துவிடுகிற அந்த ஒரு அத்தியாயம்.

நான் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவன். புதிதாகக் கற்றுக்கொள்கிற சிலருக்கு ஓய்வு நேரத்தில் துணையாக இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஒரு பாடநூலோடுதான் வருகிறார்கள். முன் அத்தியாயங்களை ஒழுங்காகப் படித்தவர்கள். பயிற்சிகளையும் போட்டுப் பார்த்தவர்கள். கடைசி அத்தியாயத்தில் உள்ளதை அப்படியே தட்டியிருக்கிறார்கள், அது ஓடவும் ஓடுகிறது. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. திறமைக் குறைவு என்று இதைத் தள்ள முடியாது. அவ்வளவு நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டு வந்த நூல், அந்த இடத்தில் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லாமலே தாண்டிவிடுகிறது.

பைத்தான் நூல்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதிகம் பழக்கமானவை அவைதான். முதல் பக்கத்திலிருந்தே வாசகர் சில விஷயங்களை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, மனதில் வாங்கிக்கொள்கிறார். நிரல் மேலிருந்து கீழே ஓடும். நான் ஓடச் சொன்னால்தான் ஓடும். இன்புட் என்று எழுதினால் நின்று என்னைக் கேட்கும், பிரிண்ட் என்று எழுதினால் எனக்குக் காட்டும். கடைசி வரி வந்ததும் முடிந்துவிடும். நிரலை எழுதியவரும் ஓட்டுகிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர். இருநூறு முந்நூறு பக்கம் இந்தப் படம்தான் மனதில் உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

வெப் ஆப் என்று வந்ததும் இந்தப் படம் அடியோடு மாறிவிடுகிறது. நான் எழுதிய ஃபங்ஷனை நான் கூப்பிடுவதில்லை. எங்கோ ஒருவர் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டும்போது, சர்வர் அதைக் கூப்பிடுகிறது. எப்போது கூப்பிடும், எத்தனை முறை கூப்பிடும், எந்த ஃபங்ஷனை முதலில் கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது. நிரல் முடிவதே இல்லை. யாராவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் நூலில் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒரு பத்திகூட இருப்பதில்லை. ஃபங்ஷனுக்கு மேலே ஒரு அட் குறியும் ஒரு முகவரியும் போட்டு, "இதை டெக்கரேட்டர் என்பார்கள், இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்று கடந்துபோகிறீர்கள். அந்த "இப்போதைக்கு" அப்புறம் எங்கேயும் திரும்பி வருவதில்லை.

சொல்லாமல் விட்டதால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் பக்கம் ஒன்று எழுதச் சொன்னால், புதியவர் அந்த முகவரிக்கான ஃபங்ஷனுக்குள் இன்புட் என்று எழுதுகிறார். அவர் கற்ற பாடப்படி அது மிகச் சரி. பிரவுசரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கம் வருவதில்லை. பின்னால் மறைந்திருக்கும் டெர்மினல் விண்டோவில் நிரல் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அவரோ பிரவுசர் முன்னால் காத்துக்கொண்டிருக்கிறார். எர்ரர் ஒன்றும் வராது, ஏனென்றால் எதுவும் தவறவில்லை. இந்த ஒரு குழப்பத்தை உங்கள் நூலிலேயே வேண்டுமென்று வரவழைத்து, ஏன் இப்படி ஆனது என்று ஒரு பக்கம் விளக்கியிருந்தால், பிரவுசரும் சர்வரும் இரண்டு தனித்தனி நிரல்கள் என்பது ஆயுசுக்கும் மறக்காது.

அதேபோல பிரிண்ட். "பிரிண்ட் போட்டேன், பக்கத்தில் ஒன்றுமே வரவில்லை" என்பது கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அது டெர்மினலில் போய் விழுந்திருக்கும். பக்கத்தில் வர வேண்டுமென்றால் ரிட்டர்ன் செய்ய வேண்டும். இங்கேதான் பழைய அத்தியாயம் ஒன்றின் சோம்பேறித்தனம் வெளிச்சத்துக்கு வருகிறது. ஃபங்ஷன் அத்தியாயத்தில் உங்கள் உதாரணங்களில் பாதி, கணக்குப் போட்டு உள்ளேயே பிரிண்ட் செய்துவிடுகின்றன. படிப்பவர் கண்ணுக்கு ரிட்டர்னும் பிரிண்ட்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது; ஷெல்லில் ஓட்டினால் இரண்டும் ஒரே விடையைக் காட்டுகின்றன. பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கில் ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் எழுதினால், சரியான ரெஸ்பான்ஸ் (பதில்) வரவில்லை என்று டைப் எர்ரரும், சர்வரில் கோளாறு என்று சொல்லும் 500 என்ற எண்ணும் வந்து நிற்கும். எனவே கடைசி அத்தியாயத்தைத் திருத்துவதற்கு முன் ஃபங்ஷன் அத்தியாயத்தைத் திருத்துங்கள். கணக்கிடுகிற ஃபங்ஷன் கணக்கிடட்டும். காட்டுகிற வேலை வெளியே இருக்கட்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால், டெர்மினலுக்காக எழுதிய அதே ஃபங்ஷனை வெப் ஆப்பிலும் ஒரு எழுத்து மாற்றாமல் பயன்படுத்தலாம்.

எனக்கு இதில் ஒரு யோசனை உண்டு, கொஞ்சம் பழமைவாதமாகத் தோன்றலாம். ஃபிரேம்வொர்க்கை இன்ஸ்டால் செய்யச் சொல்வதற்கு முன், நெட்வொர்க் வழியாகப் பேச உதவும், பைத்தானோடு கூடவே வரும் சாக்கெட் நூலகத்தை வைத்துப் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதவையுங்கள். அது 8000 என்ற போர்ட்டில் காத்திருக்கட்டும். பிரவுசர் அனுப்புவதை அப்படியே பிரிண்ட் செய்யட்டும், அவ்வளவுதான். முதல் வரியில் கெட் என்ற சொல், ஒரு சாய்வுக்கோடு, எச்டிடிபியின் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையின்) பதிப்பு எண். அதற்குக் கீழே ஹோஸ்ட், பிரவுசரின் பெயர், ஏற்றுக்கொள்ளும் மொழிகள் என்று சில வரிகள். கடைசியில் ஒரு வெற்று வரி. இவ்வளவு பெரிய வலை உலகம் இந்த நாலு வரி எழுத்தில்தான் நடக்கிறதா என்று ஒரு வியப்பு புதியவர் முகத்தில் வரும். வர வேண்டிய வியப்புதான். வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் பயன்படுத்திய முதல் எச்டிடிபியில் கெட் என்ற ஒரே கட்டளைதான் இருந்தது, ரெக்வெஸ்ட்டே (பிரவுசர் அனுப்பும் கோரிக்கையே) ஒரு வரிதான். ஹெடர்களும் (கூடுதல் தகவல் வரிகள்), என்ன ஆனது என்று சொல்லும் ஸ்டேட்டஸ் எண்களும், தகவலை அனுப்பும் போஸ்ட் கட்டளையும் 1996-ல் ஆவணமான 1.0 பதிப்பில் இடம்பெற்றன. 2015-ல் வந்த எச்டிடிபி 2 கம்பியில் போகும் வடிவத்தை பைனரியாக மாற்றிவிட்டது; ஆனால் மெத்தட் (கெட், போஸ்ட் போன்ற கட்டளை), பாதை, ஹெடர், ஸ்டேட்டஸ் எண் ஆகியவற்றின் பொருள் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் நூலில் நீண்ட நாள் செல்லுபடியாகும் பக்கம் ஒன்று வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்தச் சின்ன நிரலையே ஒரு பதிலும் அனுப்பவைத்தால், அது இன்னும் இரண்டு பாடங்களை இலவசமாகத் தரும். ஒன்று, ஒரு பக்கத்தைத்தானே கேட்டோம், ஏன் இரண்டாவதாக ஃபேவிகான் (பிரவுசர் டேபில் தெரியும் சின்னப் படம்) என்று ஏதோ ஒரு கோப்பையும் கேட்கிறது? பிரவுசர் தன்னிஷ்டத்துக்கும் ரெக்வெஸ்ட் அனுப்பும் என்பது அப்போது தெரியவரும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் வேரியபிளை வைத்திருந்தவர், எண்ணிக்கை சில சமயம் இரண்டு இரண்டாக ஏறுவதைப் பார்த்து மண்டையைச் சொறிவார். சொறியட்டும். இரண்டாவது, நீளம். ரெஸ்பான்ஸில் கன்டென்ட் லெங்த் என்ற ஹெடரைக் கையால் எழுதும்போது புதியவர் லென் ஃபங்ஷனைப் பயன்படுத்துவார். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லும்வரை எல்லாம் சரியாக இருக்கும். பக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கிலேயே அறுந்துவிடும். லென் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. ஹெடர் கேட்பது பைட்டுகளை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். எழுத்துக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரங்கள் பற்றிய அத்தியாயத்தில் நீங்கள் எவ்வளவு விளக்கினாலும், பக்கம் பாதியில் அறுந்து நிற்பதைப் பார்ப்பதற்கு ஈடாகாது. தமிழில் புரோகிராமிங் நூல் எழுதுகிறவர்களுக்கு இது கையில் வந்து விழுகிற உதாரணம். ஏன் யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

சாக்கெட் கொஞ்சம் கடினம் என்று நினைத்தால், அடுத்த படியிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் உலகத்தில் சர்வரும் அப்ளிகேஷனும் பேசிக்கொள்வதற்கு டபிள்யூஎஸ்ஜிஐ என்று ஒரு ஒப்பந்தம் 2003-லிருந்து இருக்கிறது. அதன்படி வெப் அப்ளிகேஷன் என்பது இரண்டு ஆர்க்யுமென்ட் வாங்கும் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். முதல் ஆர்க்யுமென்ட் ஒரு டிக்‌ஷனரி. எந்த மெத்தட், எந்தப் பாதை, எந்தக் குக்கி (பிரவுசர் திருப்பி அனுப்பும் சின்னக் குறிப்பு) எல்லாம் அதற்குள் இருக்கும். உங்கள் வாசகருக்கு ஃபங்ஷன் தெரியும், டிக்‌ஷனரி தெரியும், இஃப் தெரியும். பாதை இதுவாக இருந்தால் இந்தப் பக்கம், அதுவாக இருந்தால் அந்தப் பக்கம், இரண்டும் இல்லையென்றால் பக்கம் இல்லை என்னும் 404 என்று அவரே இஃப் எல்ஸ் போட்டு எழுதிவிடலாம். இதற்கான சோதனைச் சர்வரும் பைத்தானோடு வருகிறது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பாதைகள் ஏழெட்டு ஆனதும் அந்த இஃப் எல்ஸ் அடுக்கு அசிங்கமாகிவிடும். பாதையையும் ஃபங்ஷனையும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டு வைக்கலாமே என்று வாசகருக்கே தோன்றும். அந்த நிமிடத்தில் ஃபிளாஸ்க்கை அறிமுகம் செய்யுங்கள். மேலே போடும் அந்த அட் வரி, இந்த டிக்‌ஷனரியில் ஒரு வரிசையைச் சேர்க்கிறது என்று சொன்னால் போதும். (ஃபிளாஸ்க்கின் தொடக்கமே 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரொனாக்கர் விளையாட்டுக்காக வெளியிட்ட ஒற்றைக் கோப்பு ஃபிரேம்வொர்க்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்க முடியாத அளவுக்கு அது ஒன்றும் பிரம்மரகசியம் அல்ல.)

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும்: "ஆரம்பத்திலேயே திரையில் ஏதாவது வந்தால்தான் வாசகருக்கு ஆர்வம் இருக்கும். சாக்கெட், ஹெடர் என்றால் ஓடிவிடுவார்." இதில் பாதி உண்மை. ஐந்து வரி ஃபிளாஸ்க் நிரலை முதல் பக்கத்தில் காட்டுவதில் எனக்கு மறுப்பே இல்லை, காட்டுங்கள், சந்தோஷப்படட்டும். பிறகு அடுத்த பக்கத்திலேயே மூடியைத் திறந்து உள்ளே காட்டுங்கள். முழு அத்தியாயமும் மூடியின் மேலேயே நடப்பதுதான் பிரச்சினை. ஆர்வம் முதல் நாள் குறைவதைவிட, மூன்றாம் நாள் எதுவும் புரியாமல் நின்றுபோவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பக்கம் போதாது என்று இன்னொரு பதில் வரும். அப்படியானால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். லிஸ்ட், கோப்பு, ஃபங்ஷன், டெஸ்ட் என்று முந்நூறு பக்கத்தில் நேர்த்தியாக முடிகிற அறிமுக நூல் எவ்வளவோ மேல். அட்டையில் "வெப் அப்ளிகேஷனும் கற்கலாம்" என்று போடுவதற்காகவே சேர்த்த அத்தியாயம் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் மூன்று அத்தியாயமாவது கொடுங்கள். இடம் வேண்டுமா? விலங்கு என்ற கிளாஸிலிருந்து நாயும் பூனையும் பிறந்து, ஒன்று குரைத்து மற்றது மியாவ் என்கிற அந்த இன்ஹெரிட்டன்ஸ் அத்தியாயத்தைப் பாதியாகக் குறைக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து நினைவு. பொதுவாக உங்கள் மாதிரி ஆப், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாக இருக்கும். டேட்டாபேஸ் வருவதற்கு முன், எளிமைக்காக ஒரு லிஸ்ட்டில் வேலைகளைச் சேமிக்கச் சொல்கிறீர்கள். வாசகர் நாலு வேலைகளைச் சேர்க்கிறார், நன்றாக இருக்கிறது. நிரலில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிக்கிறார். பட்டியல் காலி! டீபக் (பிழை தேடும்) நிலையில் கோப்பு மாறியதும் சர்வர் தானே மறுபடி தொடங்கும், தொடங்கினால் நினைவில் இருந்ததெல்லாம் போகும் என்று நூலில் சொல்லவில்லை. தன் திருத்தம்தான் எதையோ கெடுத்துவிட்டது என்று நினைத்து அவர் சரியான வரியைத் திரும்பத் தவறாக்கி வைப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் விசித்திரம். அதே ஆப்பை வெளியே ஒரு சர்வரில் ஏற்றுகிறார். அங்கே ஒரே நிரல் நாலு பிராசஸாக (தனித்தனி ஓட்டமாக) ஓடுகிறது; ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யச் செய்ய 5, 2, 6, 3 என்று குதிக்கிறது. இவை நிரலின் நினைவு நிலையில்லாதது என்பதால் வருபவை; எச்டிடிபியும் தன் பங்குக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் முன்பின் தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டுவது மாதிரி. அதனால்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வாங்கக் கூடையில் போட்டதை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது யார் நினைவில் வைத்திருப்பது என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் அது. உங்கள் நூலில் செஷன் (ஒரு பயனரைப் பற்றிப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைப்பது) என்ற சொல் திடீரென்று ஒரு டிக்‌ஷனரியாக வந்து நிற்கிறது. அது எதற்காக வந்தது என்ற இந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டால், செஷனுக்குள் எதை வைக்கலாம், எதை டேட்டாபேஸில் வைக்க வேண்டும் என்பது வாசகருக்குத் தானாகவே பிடிபடும்.

ஃபார்ம் பற்றிச் சுருக்கமாக. அதில் வருவதெல்லாம் எழுத்துச் சரம்தான். இன்புட் சொல்லிக்கொடுத்தபோதே இன்ட் போட வேண்டும் என்று கற்றுத்தந்தீர்கள். "அதே கதைதான் இதுவும்" என்று ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள். டிக் செய்யாத செக்பாக்ஸ் எதையுமே அனுப்பாது, பொய் என்றுகூட அனுப்பாது. நேரடியாக அந்தப் பெயரைக் கேட்டால் ஃபிளாஸ்க் 400 என்று திருப்பிவிடும். போஸ்ட் முடிந்ததும் வேறு பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்யாவிட்டால், ரெஃப்ரெஷ் அடிக்கும்போது அதே பதிவு இன்னொரு முறை சேரும். டெம்ப்ளேட் (சர்வர் மதிப்புகளை நிரப்பும் பக்க மாதிரி) கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் சுருள் அடைப்புக்குறிகள் அப்படியே திரையில் தெரியும், ஏனென்றால் சர்வர் அதைத் தொடவே இல்லை. இவற்றில் எதுவும் அரை பக்கத்தைத் தாண்டாது. ஆனால் ஒவ்வொன்றும் ஒருவரின் ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வாக்கியத்தை, ஃபார்மில் வந்த எழுத்தோடு கூட்டல் குறி போட்டு ஒட்டுகிற உதாரணங்களை இன்னும் அச்சிடுகிறீர்கள். "புரிவதற்காக எளிமையாகக் கொடுத்திருக்கிறோம், பாதுகாப்பைப் பிற்சேர்க்கையில் பார்க்கலாம்" என்று கீழே ஒரு குறிப்பு. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (ஃபார்மில் எழுதுகிறவர் அந்தக் கட்டளையையே மாற்றிவிடும் தாக்குதல்) 1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்ட விஷயம். பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுத்தால் போதும். வரி எண்ணிக்கை கூடுவதில்லை. மேற்கோள் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் தொல்லையும் இல்லாததால் அதுதான் படிக்கவும் எளிது. பிறகு எதற்கு எளிமை என்ற பெயரில் தவறானதை முதலில் கற்றுத்தருவது? முதலில் கற்றதைத்தான் கை மறக்காது. பிற்சேர்க்கையை யாரும் படிப்பதில்லை, இது உங்களுக்கும் தெரியும்.

பாஸ்வேர்டை அப்படியே டேபிளில் போடும் உதாரணமும் இதே வகைதான். ஹேஷ் செய்ய (திரும்பப் பெற முடியாத வடிவமாக மாற்ற) ஃபிளாஸ்க்கோடு வரும் வெர்க்சூக் நூலகத்தில் ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு இம்போர்ட், ஒரு அழைப்பு. அது கூட இடமில்லை என்றால் லாகின் இல்லாத ஆப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் எழுதியதை அப்படியே பக்கத்தில் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 அக்டோபர் நல்ல கதை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒருவர் தன் புரொஃபைலில் ஒளித்துவைத்த ஜாவாஸ்கிரிப்ட், பார்த்தவர்கள் ஒவ்வொருவரின் புரொஃபைலுக்கும் தானே தொற்றிக்கொண்டு, ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது. ஃபிளாஸ்க் பயன்படுத்தும் ஜின்ஜா டெம்ப்ளேட்டில் கோணக் குறிகள் ஏன் தானாகவே மாற்றப்படுகின்றன என்று விளக்க இதைவிட என்ன வேண்டும்? வாசகரைத் தன் ஆப்பிலேயே ஒரு ஸ்கிரிப்ட் டேகைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அது வெறும் எழுத்தாக வந்து நிற்பதைப் பார்க்கட்டும்.

பதிப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய பிஎச்பி நூல்களில் வரும் மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் 2015-ல் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. வெப் நிரல்களுக்கான பைத்தானின் பழைய சிஜிஐ மாட்யூலும் 2024-ல் வந்த 3.13-ல் இல்லை. அவற்றை வைத்து எழுதிய நூல்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன, புதியவர்கள் அவற்றையும் எடுத்துப் படிக்கத்தான் செய்கிறார்கள். நூலில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து தட்டியும் ஓடவில்லை என்றால், ஆரம்பத்தில் இருப்பவர் நூலைச் சந்தேகப்பட மாட்டார், தன்னைத்தான் சந்தேகப்படுவார். ஆகவே எந்தப் பைத்தான், எந்த ஃபிளாஸ்க் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது என்பதைப் பதிப்புரிமைப் பக்கத்தில் ஒளிக்காமல், இன்ஸ்டால் செய்யச் சொல்லும் அதே வரியில் பதிப்பு எண்ணோடு அச்சிடுங்கள். தனிச் சூழலில் இன்ஸ்டால் செய்ய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டையும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள். 2012-லிருந்து அது பைத்தானோடு வருகிறது. மறுபதிப்பு போடும்போது அட்டைக்குச் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை, ஒருவரை உட்காரவைத்து எல்லா நிரல்களையும் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். மறுபதிப்பு என்றால் மை மட்டும் புதிதாக இருந்தால் போதாது.

எர்ரர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். உங்கள் நூலில் எல்லாமே முதல் முறையே ஓடிவிடுகிறது. வெப் ஆப் எழுதும் யாருக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்ததாக எனக்குத் தெரியாது. நாலு என்று தொடங்கும் ஸ்டேட்டஸ் எண் வந்தால் கேட்டவர் பக்கம் பார், ஐந்து என்று தொடங்கினால் சர்வர் பக்கம் பார். டிரேஸ்பேக் (எர்ரர் வந்த வழியின் பட்டியல்) நீளமாக இருந்தால் கடைசி வரியிலிருந்து மேலே படி, உன் கோப்பின் பெயர் வரும் இடத்தில் நில். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ரெக்வெஸ்ட் போனதா இல்லையா என்று முதலில் பார். தன் கோப்புக்கு ஃபிளாஸ்க் என்றே பெயர் வைத்துவிட்டு, இம்போர்ட் ஏன் தன்னைத்தானே கூப்பிடுகிறது என்று திகைப்பவர் எத்தனை பேர்! இதெல்லாம் வேலையில் இருப்பவர்கள் நாள்தோறும் செய்வது. எந்த நூலும் எழுதி வைக்காததால், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டுமே கிடைக்கிறது. இப்போது ஏஐ உதவியாளரிடம் கேட்டால் நிரலே முழுதாக வந்துவிடுகிறது என்பீர்கள். வருகிறது. அது ஓடாதபோது எங்கே பார்ப்பது என்பது தெரியாதவருக்கு, வந்த நிரலால் என்ன பயன்? தட்டுவதற்கான நிரலைத் தருவது நூலின் வேலை என்ற காலம் போய்விட்டது. நடப்பது என்ன என்று விளக்குவதற்குத்தான் இனி நூல் வேண்டும்.

மாதிரி ஆப்பையும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். வேலைப் பட்டியல் ஒரே ஆள் பயன்படுத்துவது. அதை டெர்மினலிலேயே எழுதிவிடலாம், வெப் எதற்கு என்ற கேள்விக்கு அது பதிலே சொல்வதில்லை. ஒரு நூலகத்தின் இரவல் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தின் ஒரே ஒரு பிரதி மிச்சம் இருக்கிறது. இரண்டு பிரவுசர் ஜன்னல்களைத் திறந்து, இரண்டிலும் அதே புத்தகத்தின் பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒன்றில் எடுத்தபின் மற்றதிலும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது ஜன்னல் இன்னும் பிரதி இருப்பதாகத்தான் காட்டிக்கொண்டிருக்கும். பிரவுசரில் தெரிவது பழைய படம், உண்மை சர்வரில் இருக்கிறது, எனவே எடுக்கும் நேரத்தில் சர்வர் மறுபடி சரிபார்க்க வேண்டும். டேட்டாபேஸ், டிரான்சாக்‌ஷன், பயனர் சொல்வதை நம்பாமை எல்லாம் இந்த ஒரு சின்ன ஆப்பில் இயல்பாக வந்து சேரும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். ஏற்கெனவே பைத்தான், எச்டிஎம்எல், எஸ்க்யூஎல் என்று மூன்று மொழிகள் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. நாலாவதைத் தள்ளிவையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக, ஆப்பை வெளியே ஏற்றுவது. "அண்ணா, என் ஆப்போட லிங்க் அனுப்பியிருக்கேன், பாருங்க" என்று வரும் செய்தியில் பாதிக்கு மேல் 127.0.0.1 என்றுதான் தொடங்கும். அது எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினாலும் அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் முகவரி என்று நூலில் எங்காவது சொன்னால் நல்லது. ஏற்றுவதற்கு எந்த நிறுவனத்தின் சேவை, எந்தப் பட்டனை அழுத்துவது என்பதை அச்சில் போடாதீர்கள், ஆறு மாதத்தில் மாறிவிடும். டீபக்கை அணைக்க வேண்டும், ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதக் கூடாது, ஃபிளாஸ்க் தானே தொடங்கும் சர்வர் சோதனைக்கு மட்டும்தான், இந்த மூன்றும் மாறாது. அவற்றைப் போடுங்கள். டீபக் அணைக்காத ஆப்பில் எர்ரர் பக்கத்திலிருந்தே சர்வரில் பைத்தான் நிரலை ஓட்டும் வசதி இருக்கிறது. ஒரு பின் எண்தான் அதற்கு முக்கியக் காவல்.

அடுத்த பதிப்பின் வரைவு தயாரானதும் உங்களிடம் நான் கேட்பது ஒன்று. அந்த நூலின் முன் அத்தியாயங்களை மட்டும் படித்த ஒருவரைக் கண்டுபிடித்து, வெப் அத்தியாயத்தை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், அதுதான் நிபந்தனை. அவர் நூலில் உள்ளதை முழுதாகத் தட்டி ஓடவைத்த பிறகு, நூலில் இல்லாத ஒரே ஒரு புதிய பக்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களோடு வருகிறவர்களுக்குத் துணையாக உட்காரும் ஒரு டெவலப்பர்